வலை பிடிக்கிற ஆள்

பூனைக்கு வாய் நீளம். அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் அந்த வாய் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏரிக்கரையில், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த சொந்தப் புருஷனை முழுசாக விழுங்கி ஏப்பம் விடும் என்று யார் கண்டது?

பூனை என்பது பட்டப்பெயர். கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். கல்யாணமான மறுவருஷம் மாடிப்படியில் உருண்டு முதுகெலும்பு போனதிலிருந்து இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. சக்கர நாற்காலிதான் கால். தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாளானால் இமைகூட அசையாது. அதைப் பார்த்துப் புருஷன் வைத்த பெயர் அது. கடைசியில் ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

புருஷன் வீடு வீடாகத் தண்ணி கேன் போடுகிறவர். சொந்தமாக ஒரு பழைய வேன் உண்டு. மற்ற நாட்களில் அதில் கேன்கள் போகும். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் பலகையைச் சாய்த்து, அவளை நாற்காலியோடு ஏற்றி, பெல்ட் போட்டுக் கட்டி, ஏரிக்குக் கொண்டுபோவார். இரை பிசைவது அவர். மீன் மாட்டினால் கைவலையோடு முழங்கால் தண்ணீரில் இறங்குவதும் அவர்.

கைவலை பிடிப்பதை லேசாக நினைத்துவிடாதீர்கள். மீனைத் துரத்திக்கொண்டு போய் அள்ளவே கூடாது. வலையை முன்னாலேயே தண்ணீருக்குள் அமுக்கி, மூச்சுக் காட்டாமல் நிற்க வேண்டும். தூண்டில்காரர்தான் மீனை மெல்ல இழுத்து வலைக்கு மேலே கொண்டுவர வேண்டும். எப்போது தூக்குவது என்பதில்தான் சூட்சுமம். அவள் "என்னங்க" என்பாள், வலை எழும்பும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் அவரைக் கூப்பிடுவது அந்த ஒரே சொல்லால்தான். சாப்பாட்டுக்கும் அதுதான், சண்டைக்கும் அதுதான், மீனுக்கும் அதுதான்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தூண்டில் போட்டி ஒன்று வெளிநாட்டில் நடக்கிறது, பிடித்த மீனை அளந்துவிட்டுத் தண்ணீரிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள் என்று கண்டுபிடித்து, அதற்காக மூன்று பேர் அணி சேர்த்தவர் கேப்டன். அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினுக்கு இடது கையை முழங்கை வரை கொடுத்தவர். ஒற்றைக் கையாலும் பல்லாலுமே முடிச்சுப் போட்டுவிடுவார். பூனையை வாய் நிறையத் தங்கச்சி என்பார். அவள் புருஷனை மாப்ள என்பார். அணியில் மூன்றாவது ஆள் ஆபரேட்டர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து ஓய்வு பெற்றவர், பிறவியிலேயே பார்வை இல்லை. தூண்டில் நரம்பை விரலால் தொட்டுக்கொண்டே, "இது மீனில்லப்பா, குப்பை" என்று சொல்லிவிடுவார்.

தகுதிச் சுற்றில் மூன்று பேரும் தேறிவிட்டார்கள். போட்டிக்காரர் ஒருவருக்கு ஒரு உதவியாளரும் போகலாம். அவர் வலை பிடிக்கலாம், தூண்டிலைத் தொடக்கூடாது. விஷயத்தைக் கேட்ட அன்று சாயங்காலமே புருஷன் கம்பளிக் குல்லா ஒன்று வாங்கி வந்துவிட்டார். "அங்க காதெல்லாம் உறைஞ்சு போயிடுமாம் பூனை" என்று வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு திரிந்தார். வியர்த்துக் கொட்டியது, கழற்றவில்லை.

குல்லா வாங்கியாயிற்று. டிக்கெட் வாங்கிக் கொடுக்க ஆள் வேண்டாமா? கேப்டன் அலையாத அலைச்சல் இல்லை. டயர் கம்பெனி ஆளுக்கொரு சாவிக்கொத்து கொடுத்து அனுப்பியது. வங்கிக்காரர்கள் காலண்டர் கொடுத்தார்கள், அதுவும் போன வருஷத்தது. நகைக்கடை முதலாளி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பூனையைப் பார்த்துச் சிரித்தார்.

"வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார் இல்லம்மா? அப்புறம் என்ன? அவரையே அனுப்பி வைக்கச் சொல்லு."

அந்தச் சொல் அவளுக்குள் முள்ளாகத் தைத்துவிட்டது. வெளியே வந்ததும் கேப்டன் பொரிந்து தள்ளினார்.

"பாத்தியா தங்கச்சி? நாம மீன் பிடிக்கிறதைப் பாக்க ஒருத்தனுக்கும் ஆசை இல்ல. நாம அழணும், அதைத்தான் பாக்கணும் இவனுங்களுக்கு. அடுத்த எடத்துல குடும்பம் குட்டின்னு மூச்சு விடாத. குடும்பம் இருக்குன்னா, குடும்பமே பாத்துக்கட்டும்னு கையைக் கழுவிடறானுங்க."

"எனக்கு இது சரியாப் படல கேப்டன்" என்றார் ஆபரேட்டர். அவர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ள அன்று யாருக்கும் பொறுமை இல்லை.

அடுத்த இடம் மெத்தை கம்பெனி. அதை நடத்துகிற முதலாளியம்மா, முதலில் ஒரு சின்னப் படம் எடுத்துக் காட்டுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று தன் விளம்பர அதிகாரியைக் கேமராவோடு ஏரிக்கு அனுப்பினார். வந்தவன் குளிர்க்கண்ணாடியைக் கழற்றவே இல்லை. பூனைக்கு நேராகக் கேமராவை வைத்து, விபத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னான். சொன்னாள். அப்புறம் குரலைத் தணித்துக் கேட்டான்.

"உங்களைப் பாத்துக்க வீட்ல யார் இருக்காங்க?"

நகைக்கடைக்காரரின் சிரிப்பு கண் முன்னால் வந்தது. கேப்டன் தூரத்தில் இருந்து ஒற்றைக் கையை அசைத்து, வேண்டாம் வேண்டாம் என்று ஜாடை காட்டினார்.

"எனக்குன்னு யாரும் இல்ல சார்" என்றாள் பூனை.

"யாருமே இல்லையா?"

"கால் போனதும் எல்லாரும் போயிட்டாங்க."

அந்த நேரம் பார்த்துப் புருஷன் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, சொட்டச் சொட்டத் தண்ணீரிலிருந்து ஏறி வந்தார். கையில் வலை. தலையில், கேமரா வருகிறதே என்று, அந்தக் குல்லா.

"இவர் யாரு?" என்று கேட்டான் விளம்பர அதிகாரி.

"வேன் டிரைவர்" என்றாள்.

ஒரு நொடிகூட ஆகவில்லை. கேட்டதும் வந்துவிட்டது. அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் குல்லாவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, "ஆமா சார். டிரைவர்தான். சும்மா இறங்கி ஒத்தாசை பண்ணினேன்" என்றார். படத்தில் விழாமல் ஓரமாக நகர்ந்துகொள்ளச் சொன்னான் அந்த ஆள். அவரும் நகர்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஆரம்பித்தாள். "என்னங்க, நான் எதுக்குச் சொன்னேன்னா..."

"அட விடு. நான் டிரைவர்தானே? இதுல என்ன பொய் இருக்கு?" என்றார் அவர். வீட்டு வாசலில் வேனை நிறுத்தி, பின்கதவைத் திறந்து, பலகையைப் போட்டு, குனிந்து சலாம் வைத்தார். "மேடம், எறங்குங்க."

அன்றிலிருந்து அதுதான் வேடிக்கை. மேடம் காபி. மேடம் மாத்திரை. குளிப்பாட்டும்போது, மேடம் கையைத் தூக்குங்க. அவர் சிரிக்கச் சிரிக்க அவள் உள்ளுக்குள் கூசிப்போனாள். திட்டித் தொலைத்திருந்தால் எவ்வளவோ தேவலை. விபத்து நடந்த புதிதில், இவளை அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடு, உனக்கு என்ன வயசாகிவிட்டது என்று அவருடைய அண்ணன் சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்த மனுஷன் அவர். இரண்டு வருஷம் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்த மனுஷனைத்தான் இவள், எல்லாரும் போயிட்டாங்க என்று கணக்கிலிருந்தே எடுத்துவிட்டாள்.

படத்தைப் பார்த்த முதலாளியம்மா சரி என்றுவிட்டார். கேப்டன் கடைக்கு ஓடி வந்து, தெருவே திரும்பிப் பார்க்கும்படி விசில் அடித்தார். அப்புறம்தான் இழுத்தார்.

"ஒரே ஒரு சின்னச் சிக்கல் தங்கச்சி. உதவிக்கு ஆள் வேணும்ல? உனக்குத்தான் யாரும் இல்லையே... அதனால கம்பெனியே ஒரு நர்ஸம்மாவை ஏற்பாடு பண்ணிட்டாங்க. அவங்கதான் உன்கூட வருவாங்க."

பூனை கையில் பிடித்திருந்த செல்போனின் உள்பாகம் கீழே விழுந்தது. பொய் சொன்னபோது அவளுக்குப் புத்தி இவ்வளவு தூரம் ஓடவில்லை. மீனைப் பார்த்தாளே தவிர வலையை மறந்துவிட்டாள்.

"உண்மையைச் சொல்லிடலாம் அண்ணே."

"என்ன விளையாடறியா? எல்லாம் முடிஞ்சாச்சு. இப்பப் போய்ச் சொன்னா மூணு பேர் பேரும் நாறிடும். நீ ஒருத்தி இல்ல இதுல. ஆபரேட்டரும் போக முடியாது, நானும் போக முடியாது." கேப்டன் குரல் இறங்கிவிட்டது. "இந்தக் கை போனதுக்கப்புறம் என்னை யாரும் எதுக்கும் தேர்ந்தெடுத்தது இல்ல தங்கச்சி. கெடுத்துடாத."

வாயைக் கட்டிக்கொண்டாள். ராத்திரி சாப்பிடும்போது புருஷனிடம் சொன்னாள். அவர் கையில் எடுத்த கவளம் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"நல்லதாப் போச்சு. நான் வந்துட்டா இங்க கேன் யார் போடுவா?" என்றார். சாப்பிட்டு எழுந்ததும் அலமாரியில் இருந்து குல்லாவை எடுத்து அவள் தலையில் மாட்டிப் பார்த்தார். "உனக்கும் சரியாத்தான் இருக்கு. நீ போட்டுக்க." அவள் அதைக் கண் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள். அழுததை அவர் பார்த்தாரோ இல்லையோ, பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

வழியனுப்பு விழாவை மெத்தை கம்பெனி தங்கள் வளாகத்திலேயே வைத்தது. தொழிற்சாலைக்குப் பின்னால் பெரிய குளம். கரையில் துணிக்கூடாரம், வெள்ளை உறை போட்ட நாற்காலிகள், மெத்தை விற்கும் கடைக்காரர்கள், அவர்கள் குடும்பங்கள். வாசலில் எல்லாருக்கும் கழுத்தில் மாட்ட அட்டை கொடுத்தார்கள். அவளுக்குப் போட்டியாளர். நர்ஸம்மாவுக்கு உதவியாளர். புருஷனுக்கு ஓட்டுநர் என்று போட்ட அட்டை.

"டிரைவருங்களுக்குச் சாப்பாடு ஜெனரேட்டர் பக்கம்" என்று ஒருவர் கை காட்டினார். அவர் அவள் நாற்காலியின் பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, மடியில் இருந்த துண்டைச் சரிசெய்துவிட்டு, அட்டையை ஆட்டிக்கொண்டே அந்தப் பக்கம் போனார். கேப்டன் பழக்கதோஷத்தில், "மாப்ள, சாப்பிட்டுட்டு..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெரிய திரையில் படம் போட்டார்கள். கால் போனதும் எல்லாரும் போயிட்டாங்க என்று அவள் சொன்ன இடத்தில் சோக இசை வைத்திருந்தார்கள். பக்கத்து வரிசையில் ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சினாள். முதலாளியம்மா எட்டிப் பூனையின் கையைப் பிடித்துக்கொண்டார். நிலம் பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது பூனைக்கு. திரும்பிப் பார்த்தாள். ஜெனரேட்டர் ஓரம் காகிதத் தட்டோடு நின்றபடி அவரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற டிரைவர்கள் மென்றுகொண்டிருந்தார்கள். அவர் மெல்லவில்லை.

அடுத்து, விருந்தினர்களுக்கு மீன் பிடித்துக் காட்ட வேண்டும். கேப்டனும் ஆபரேட்டரும் ஆளுக்கொரு பக்கம் தூண்டில் போட்டார்கள். பூனை தக்கையைப் பார்த்து உட்கார்ந்தாள். நர்ஸம்மா நல்ல மனுஷி; ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைத் தூக்கி உட்கார வைத்த கை. ஆனால் கைவலையை ஒட்டடைக் கம்பு மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

தக்கை ஒரே முழுக்காக முழுகியது. கம்பு வில்லாக வளைந்தது. மாட்டியது கெண்டை, அதுவும் தடித்த கெண்டை. ரீல் கிர்ரென்று ஓடியது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. பூனைக்கு எல்லாம் மறந்துபோனது. படம், பொய், முதலாளியம்மா, எதுவும் இல்லை; கையும் நரம்பும் மீனும்தான். விட்டு, இழுத்து, விட்டு, இழுத்து, கரைக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"வலையை உள்ள வைங்க! அசைக்காதீங்க!" என்றாள்.

நர்ஸம்மா பாவம், மீனைக் கண்டதும் பதறி, வலையை ஓங்கி அதன் முதுகில் ஒரு போடு போட்டாள். மீன் துள்ளித் திரும்பி, குளத்து மோட்டார் குழாயைப் பார்த்துப் பாய்ந்தது. குழாயைச் சுற்றினால் நரம்பு அறும். நாற்காலியே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது.

"என்னங்க!" என்று கத்தினாள் பூனை. "என்னங்க, வலை!"

ஜெனரேட்டர் பக்கம் ஒரு தட்டு பறந்தது. மனுஷன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. விருந்தினர்களின் நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து ஓடிவந்து, நர்ஸம்மா கையிலிருந்த வலையை வாங்கி, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வலையை அமுக்கிக்கொண்டு சிலையாக நின்றார். அவள் கம்பைச் சாய்த்தாள். மீன் திரும்பியது. மெல்ல மெல்ல வலைக்கு மேலே வந்தது.

"என்னங்க" என்றாள், இந்தத் தடவை மெதுவாக. வலை எழும்பியது. உள்ளே கெண்டை.

யாரும் கை தட்டவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்குத்தான் தெரியாது? மூக்கை உறிஞ்சிய அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளியம்மா தண்ணீரில் நிற்கிறவரையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு இவரு?"

பூனைக்கு முன்னால் அவர் முந்திக்கொண்டார். நெஞ்சில் ஒட்டிக் கிடந்த ஈர அட்டையைத் தூக்கிக் காட்டினார். "டிரைவருங்கம்மா. மேடம் மரியாதை தெரிஞ்சவங்க. எல்லாரையும் 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவாங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை. தொடையில் உணர்வு இருந்திருந்தால் கிள்ளிக்கொண்டிருப்பாள்.

"பொய்ம்மா" என்றாள். "அவர் என் புருஷன். என்னைக் குளிப்பாட்டறது, தூக்கறது, இங்க கொண்டுவந்தது, எல்லாம் அவர்தான். யாரும் இல்லன்னு நான்தான் சொன்னேன். டிரைவர்னும் நான்தான் சொன்னேன். இவங்க ரெண்டு பேரையும் விட்டுடுங்க. அவங்க போகட்டும். நான் வரல."

"நானும்தான்மா சொல்லச் சொன்னேன்" என்றார் கேப்டன், தரையைப் பார்த்துக்கொண்டே. ஆபரேட்டர் நரம்பை விரலில் பிடித்தபடி, "எனக்கும் தெரியும்" என்றார்.

முதலாளியம்மா கத்தவில்லை. கத்தியிருக்கலாம். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பூனைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"எதுக்கும்மா இப்படி?"

"புருஷன் இருக்கார்னா நீங்க கொடுக்க மாட்டீங்கன்னு..."

"யார் சொன்னா?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "நாங்க மெத்தை விக்கிறோம்மா. எங்க வியாபாரமே புருஷன் பொண்டாட்டியை நம்பித்தான். ரெண்டு பேரும் சேர்ந்து மீன் பிடிக்கிறீங்கன்னு சொல்லியிருந்தா, ரெண்டு பேரையும் சேர்த்து நிக்கவெச்சுப் படம் எடுத்திருப்பேன். கேட்டிருக்கலாமே?"

பூனை தண்ணீரில் நின்றவரைப் பார்த்தாள். பணம் தரமாட்டேன் என்று விரட்டியிருந்தால்கூட, அந்தப் பொய்க்கு ஒரு விலை இருந்தது என்றாவது நினைத்துக்கொண்டிருக்கலாம். ஒன்றுக்கும் ஆகாத பொய். தேவையே இல்லாமல் அந்த மனுஷனை விற்றிருக்கிறாள்.

"போங்க, போயிட்டு வாங்க. இவரையே கூட்டிட்டுப் போங்க. அந்தப் படத்தை இனிமே யாருக்கும் போட்டுக் காட்ட மாட்டோம்" என்று முதலாளியம்மா எழுந்துகொண்டார். கையை மட்டும் இந்தத் தடவை பிடிக்கவில்லை. தண்ணீரில் புருஷன் வலையைத் தாழ்த்தி மீனை விட்டார். அது வாலைச் சொடுக்கிக்கொண்டு போய்விட்டது.

திரும்பி வரும்போது வேனுக்குள் ஈரத்துணி வாடை. அவள் பின்னால் கட்டுண்டு உட்கார்ந்திருந்தாள். முன்னால் அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. மேடம் என்று ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தாள். எதை வெறுத்தாளோ அதற்கே இப்போது ஏங்கினாள். வரவில்லை.

"என்னங்க. என்னைத் திட்டிடுங்க."

"திட்டறதுக்கு என்ன இருக்கு?" வேன் ஒரு சிக்னலில் நின்றது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு ஏரியில, இவர் யாருன்னு அந்த ஆள் கேட்டப்ப, சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சமாச்சும் யோசிச்சியா?"

யோசித்தேன் என்று சொல்லலாம். மனசு ஒப்பவில்லை, கேப்டன் ஜாடை காட்டினார், தவித்துப்போனேன் என்று எவ்வளவோ சொல்லலாம். இன்னொரு பொய்யா?

"யோசிக்கலைங்க" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கழுத்தில் இன்னும் தொங்கிய அந்த அட்டையைக் கழற்றி, உதறி, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் மாட்டினார். ஓட்டுநர் என்ற எழுத்து அவள் பக்கமாகத் திரும்பி ஆடியது.

"அது எதுக்குங்க அங்க?"

"ஈரமா இருக்குல்ல. காயட்டும், அப்புறம் கழட்டிக்கலாம்."

அட்டை மறுநாளே காய்ந்துவிட்டது. குல்லா போட்டுக்கொண்டு அவர் அவளை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போன அன்றும் அது அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றுங்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.